திறந்த மூல மென்பொருளுக்கு மாறும் சிறு வணிகர்கள்: நம்பகமான தொழில்நுட்ப ஆளைத் தேடுவது எப்படி?

விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. நாட்டில் பல சிறு கடைகளின் கல்லா மேசையில் இன்றும் இருப்பது அதே விண்டோஸ் 10 கணினிதான். 2018க்கு முன் வாங்கிய கணினியாக இருந்தால் அதில் விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது. கணினி நன்றாக ஓடுகிறது, ஆனால் இனி அதற்குப் பாதுகாப்பு இல்லை என்ற நிலை.

மறுபக்கம் இ-இன்வாய்ஸ். உள்நாட்டு வருமான வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும், 2025 ஜனவரி 1 முதல் இரண்டரைக் கோடி வெள்ளிக்கு மேல் உள்ளவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. பிறகு அடுத்தடுத்த கட்டங்களாக அது சிறிய வணிகங்களை நோக்கி இறங்கி வந்தது. தேதிகளும் வரம்புகளும் இடையில் பலமுறை மாற்றப்பட்டிருப்பதால், தங்கள் கடை எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை வாரியத்தின் இணையத்தளத்தில் நேரடியாகப் பார்ப்பதே நல்லது. கையால் பில் எழுதிய கடைகளும் கணக்கு மென்பொருளைப் பற்றி யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

இந்த இரண்டு நெருக்கடிகளும் சேர்ந்துதான் திறந்த மூல மென்பொருளின் பக்கம் பல வணிகர்களைத் திருப்பியிருக்கின்றன. பழைய கணினிக்கு லினக்ஸ், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், கணக்குக்கும் சரக்கிருப்புக்கும் ஓடூ அல்லது இஆர்பிநெக்ஸ்ட், இணையத்தளத்துக்கு வேர்ட்பிரஸ், கோப்புகளைப் பகிர நெக்ஸ்ட்கிளவுட். இவற்றில் பெரும்பாலானவற்றை உரிமக் கட்டணம் இன்றி இறக்கிக்கொள்ளலாம். கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு பில் போடும் கணினி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது?

மென்பொருள் இலவசம், உழைப்பு இலவசம் அல்ல

திறந்த மூல உரிமங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வாசகம் உண்டு: மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற சுதந்திரத்தின் மறுபக்கம் அது. பழுதானால் பொறுப்பேற்க மறுமுனையில் ஒரு நிறுவனம் இல்லை. அந்தப் பொறுப்பைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கத் தயாராக இல்லாத கடைக்காரர், பழைய ஏற்பாட்டிலேயே இருந்துவிடலாம். அதில் தவறில்லை.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கடையின் கணக்காய்வாளர் எஸ்கியூஎல் அக்கவுண்ட் அல்லது ஆட்டோகவுண்ட் கோப்புகளைத்தான் கேட்பார் என்றால், அவை விண்டோஸில் ஓடும் உள்நாட்டு மென்பொருள்கள். அந்த ஒரு கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றி வைத்துக்கொண்டு, மற்றவற்றை லினக்ஸுக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். சம்பளக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. இபிஎஃப், சொக்சோ, மாதாந்திர வரிப் பிடித்தம் ஆகியவற்றின் அட்டவணைகள் அவ்வப்போது மாறும். அவற்றை யார், எப்போது மென்பொருளில் திருத்துவார் என்று கேட்காமல் எந்தச் சம்பள மென்பொருளுக்கும் மாறக்கூடாது. எக்செலில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள், அவை லிப்ரே ஆபிஸில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில ஓடும், சில ஓடாது. "எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், ஒரு பிரச்சினையும் வராது" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும் ஆளை அங்கேயே வழியனுப்பிவிடலாம்.

எங்கே தேடுவது?

நம்மவர்களிடையே முதலில் நினைவுக்கு வருவது அண்ணன் மகனோ தங்கை மகளோதான். ஐ.டி. படித்த பிள்ளை, காசும் கேட்காது. தொடங்கி வைக்க இது நல்ல வழிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்த மறுநாள் கடை தனியாக நிற்கும். உறவு என்பதால் கண்டிப்பாகக் கேட்கவும் முடியாது. கடவுச்சொற்கள் எங்கே என்று கேட்டாலே வருத்தம் வந்துவிடும் வீடுகள் உண்டு. குடும்பத்துப் பிள்ளை செய்தாலும் செய்ததை எழுதி வைக்கச் சொல்வதும், இரண்டாவதாக ஒருவருக்கு அது தெரிந்திருப்பதும் அவசியம்.

லோ யாட் பிளாசாவிலும் ஊருக்கு ஊர் இருக்கும் கணினிக் கடைகளிலும் உள்ளவர்கள் ஹார்ட்டிஸ்க் மாற்றுவதிலும் திரை மாற்றுவதிலும் கைதேர்ந்தவர்கள். சர்வர் பராமரிப்பு வேறு தொழில். ஒருவரே இரண்டையும் நன்றாகச் செய்வது அரிது. ஆகவே, லினக்ஸ் போட்டுத் தரத் தெரியும் என்பதையே பராமரிக்கவும் தெரியும் என்பதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மென்பொருளை உருவாக்கிய நிறுவனங்கள் தங்கள் கூட்டாளிகளின் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுகின்றன. ஓடூ தன் கூட்டாளிகளை ரெடி, சில்வர், கோல்டு என்று தரம் பிரிக்கிறது. அந்தத் தரவரிசை பெரும்பாலும் எத்தனை பயனர்களுக்கு என்டர்பிரைஸ் உரிமம் விற்றார்கள், எத்தனை ஊழியர்கள் தேர்வு எழுதித் தேறினார்கள், வாடிக்கையாளர்கள் நிலைத்தார்களா என்பதை வைத்துத் தரப்படுவது. ஐந்து ஊழியர்கள் உள்ள மளிகைக்கடைக்கு எவ்வளவு அக்கறையோடு வேலை செய்வார்கள் என்பதை அது சொல்லாது. பெரிய வாடிக்கையாளர்களுக்குப் பழகிய கோல்டு நிறுவனத்தைவிட, கடையை நேரில் வந்து பார்க்கும் சிறு கூட்டாளி பொருத்தமாக இருக்கலாம். இஆர்பிநெக்ஸ்ட்டை உருவாக்கிய மும்பையின் ஃபிராப்பே நிறுவனத்துக்கும் கூட்டாளிப் பட்டியல் உண்டு. லிப்ரே ஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன், மாற்றத்துக்கு உதவுபவர்களுக்கும் பயிற்சி தருபவர்களுக்கும் தனித்தனியே சான்றிதழ் வழங்குகிறது.

உபுண்டு பயன்படுத்தும் சிறு கடைகளுக்கு ஒரு வசதி. அதை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம், உபுண்டு புரோ சேவையை ஐந்து கணினிகள் வரை இலவசமாகத் தருகிறது. நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இதனால் பத்தாண்டாக நீள்கிறது. இது புதுப்பிப்பு மட்டுமே. தொலைபேசியில் கூப்பிட ஆள் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

சென்னை, கோயம்புத்தூர் நிறுவனங்களிடம் வேலை கொடுக்கும் மலேசிய வணிகர்களும் இருக்கிறார்கள். தமிழில் பேசலாம், கூலியும் குறைவு. மென்பொருளில் மாற்றம் எழுதித் தருவதற்கு இது ஏற்ற வழி. ஆனால் நேர வேறுபாடு இரண்டரை மணி. கிள்ளானில் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது சென்னையில் ஆறரை. கடையில் உள்ள சுவிட்ச் எரிந்துபோனால் அங்கிருந்து யாரும் வர முடியாது. அன்றாடப் பராமரிப்புக்கு ஒரு மணி நேரத்தில் காரில் வந்துசேரக்கூடிய ஓர் ஆளும், பெரிய மாற்றங்களுக்கு வெளியூர் நிறுவனமும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழுது வந்த அன்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

அரசாங்க உதவியைப் பொறுத்தவரை, சிறு நடுத்தர நிறுவனங்களுக்கான மடானி டிஜிட்டல் மானியம், செலவில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 வெள்ளி என்ற அளவில் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. பதிவுபெற்ற சேவையாளரிடம் வாங்கினால் மட்டுமே அது கிடைக்கும். பட்டியலில் பெயர் இருப்பது மானியத்துக்கான தகுதி, வேலைத் திறனுக்கான சான்று அல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்து, எச்ஆர்டி கார்ப் லெவி செலுத்தும் நிறுவனங்கள், ஊழியர்களுக்கான லிப்ரே ஆபிஸ் பயிற்சிச் செலவை அந்த லெவியிலிருந்து கோர முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். மாற்றம் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மென்பொருள் அல்ல, ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்காததே.

ஆளை எடைபோடும் விதம்

கணினி தெரியாத கடைக்காரர் ஒரு கணினி நிபுணரை எப்படி எடைபோடுவது? திறந்த மூல உலகில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே வேலைகள் பொதுவெளியில் நடக்கின்றன. ஒருவர் உண்மையிலேயே இந்தத் துறையில் இருந்தால், பிழை அறிக்கை, மன்றங்களில் சொன்ன பதில், கிட்ஹப்பில் எழுதிய நிரல் என்று ஏதேனும் ஒரு தடம் இருக்கும். காட்டச் சொல்லிக் கேட்பதில் குற்றமில்லை. தடம் இல்லாதவர் எல்லாம் மோசம் என்றும் ஆகாது. ஆனால் பத்தாண்டு அனுபவம் என்று சொல்பவரிடம் ஒரு தடம்கூட இல்லையென்றால் இரண்டாவது முறை யோசிக்கலாம்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி: சென்ட்ஓஎஸ் நின்றபோது உங்கள் வாடிக்கையாளர்களை என்ன செய்தீர்கள்? சென்ட்ஓஎஸ் 8 பதிப்பு 2029 வரை இருக்கும் என்று நம்பி உலகெங்கும் சர்வர்களில் போட்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் ரெட்ஹேட் நிறுவனம் அதை 2021 இறுதியிலேயே நிறுத்துவதாக அறிவித்தது. பழைய சென்ட்ஓஎஸ் 7க்கும் 2024 ஜூன் 30ஆம் தேதியோடு காலம் முடிந்தது. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற மாற்றுகள் வந்தன. சிலர் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் போனார்கள். சர்வர் பராமரிப்பைத் தொழிலாகச் செய்த யாருக்கும் இந்தக் கதை தெரியும். எந்த வாடிக்கையாளரை எங்கே மாற்றினார், எத்தனை மணி நேரம் கடை நின்றது என்று சொல்ல ஏதாவது இருக்கும். முழித்தால், சர்வரை அவரிடம் ஒப்படைக்க அவசரப்பட வேண்டாம்.

ஓடூ விற்க வருபவரிடம் வேறு கேள்வி. ஓடூவில் கம்யூனிட்டி, என்டர்பிரைஸ் என இரண்டு பதிப்புகள் உண்டு. இலவசமான கம்யூனிட்டி பதிப்பில் பில் போடலாம்; முழுமையான கணக்குப் பகுதி என்டர்பிரைஸில்தான் இருக்கிறது. ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு எழுதிய கூடுதல் பகுதிகளைக் கொண்டு இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். நிரப்பிய பிறகு வருவதுதான் உண்மையான சிக்கல். ஓடூ ஆண்டுதோறும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்கே ஆதரவு தருகிறது. கடைக்கென்று தனியாக எழுதிய மாற்றங்கள் புதிய பதிப்பில் ஓடாமல் போகலாம். ஆகவே, மூன்று ஆண்டு கழித்துப் பதிப்பு மாற்றும்போது யார் செய்வார், என்ன செலவாகும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். இதற்குத் தெளிவான பதில் சொல்பவர், "இந்த மாற்றம் உங்களுக்குத் தேவையில்லை, மென்பொருளில் இருப்பதற்கேற்ப வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்வார். தனக்கு வரவேண்டிய வேலையைத் தானே குறைக்கும் அந்த ஆள்தான் வேண்டியவர். இஆர்பிநெக்ஸ்டில் இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என்ற பிரிவு இல்லை. எல்லாப் பகுதிகளும் ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன. அதற்காக அதில் பராமரிப்புச் செலவு இல்லை என்று எண்ண வேண்டாம்.

இரண்டில் எதுவாக இருந்தாலும், உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்போடு இணைப்பு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. வாரியம் சோதனைக்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது. அதில் ஒரு விலைப்பட்டியலை அனுப்பி, ஏற்கப்பட்டதையும், தவறான விவரத்தோடு அனுப்பினால் திரும்பி வருவதையும், பிறகு ரத்து செய்வதையும் காட்டச் சொல்ல வேண்டும். மாதம் சில பில்கள் மட்டுமே போடும் கடைக்கு வாரியத்தின் இலவச மைஇன்வாய்ஸ் தளமே போதும். அதைச் சொல்லாமல் பெரிய மென்பொருள் விற்பவர், கடைக்காரரின் நன்மையை எண்ணவில்லை என்றுதான் பொருள்.

வேர்ட்பிரஸ் தளம் செய்து தருபவர்களிடம் கவனிக்க வேண்டியது வேறு. கட்டணம் செலுத்த வேண்டிய பிளகின்களின் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. விலையைக் குறைத்துக் காட்ட அவற்றைப் போடுபவர்கள் உண்டு. அவற்றில் தீய நிரல் ஒளிந்திருப்பது சகஜம், புதுப்பிப்பும் வராது. எந்தெந்த பிளகின் போட்டிருக்கிறது, ஒவ்வொன்றின் உரிமமும் யார் பெயரில் இருக்கிறது என்ற பட்டியலை வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தின் பதிவை எஸ்எஸ்எம்மில் சரிபார்ப்பது, பழைய வாடிக்கையாளர் இருவரைக் கூப்பிட்டுக் கேட்பது ஆகியவை எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவை. கேட்கும்போது "நன்றாகச் செய்கிறாரா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். கடைசியாக எப்போது பழுதானது, எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

சாவி யார் கையில்?

சிறு வணிகர்கள் அதிகம் அடிபடுவது மென்பொருளால் அல்ல, சாவியால். இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு, பிணக்கு வந்ததும் தர மறுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பல ஆண்டாகப் பெயர்ப்பலகையிலும் பில்லிலும் பெயர் அட்டையிலும் அச்சிட்ட முகவரி அது. அதனோடு சேர்ந்து மின்னஞ்சலும் போகும். திறந்த மூல மென்பொருள் ஒரே விற்பனையாளரிடம் சிக்கிக்கொள்வதிலிருந்து விடுவிக்கும் என்பது உண்மை. ஆனால் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்த விடுதலைக்கு மதிப்பில்லை.

டாட் மை முகவரிகளை நிர்வகிப்பது மைனிக். முகவரி கடையின் பதிவுப் பெயரிலும் உரிமையாளரின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். சர்வர் வாடகைக் கணக்கு கடையின் கடன் அட்டையில் இருக்க வேண்டும். தொழில்நுட்ப ஆளுக்கு அதில் தனிப் பயனர் கணக்கு கொடுக்கலாம். உரிமையாளரின் கணக்கையே கொடுக்கக்கூடாது. எல்லாக் கடவுச்சொற்களும் ஓர் உறையில் இட்டு, கடையிலோ வீட்டிலோ பெட்டியில் பூட்டி வைக்கப்பட வேண்டும். பழைய முறைதான், ஆனால் உரிமையாளர் திடீரென்று மருத்துவமனையில் படுத்தால் பிள்ளைகளுக்கு அந்த உறைதான் உதவும்.

காப்புப்பிரதியிலும் இதே கதை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று கடைக்கு வெளியே என்பது தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் விதி. வெள்ளம் வரும் ஊர்களில் மூன்றாவது பிரதியின் அருமை புரியும். வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். காப்புப்பிரதி தினமும் எடுக்கப்படுகிறது என்ற வாய்ச்சொல் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதை வேறொரு கணினியில் மீட்டு, நேற்றைய கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று கடைக்காரரே பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்டத் தயங்கும் பராமரிப்பாளரை மாற்றிவிடுவதே மேல்.

வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண் வைத்திருக்கும் கடைகளுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கசிவைக் கண்டுபிடித்ததும் உடனே உரிமையாளரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பராமரிப்பாளரோடு எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்

வழக்கறிஞர் மொழியில் பத்துப் பக்கம் தேவையில்லை. எந்த நாட்களில், எந்த நேரம் வரை அழைக்கலாம். அழைத்தால் எவ்வளவு நேரத்தில் பதில் வரும். எவ்வளவு நேரத்தில் வேலை தொடங்கும். மாதக் கட்டணத்தில் எது அடங்கும், எதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். கடைக்காக எழுதிய நிரலின் மூலப் பிரதி எங்கே வைக்கப்படும். இவ்வளவுதான். பதில் தருவதும் பழுது நீக்குவதும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பதில் என்பது, "பார்க்கிறேன் அண்ணே" என்ற வாட்ஸ்அப் செய்தியாகவும் இருக்கலாம். உணவகத்துக்கு வார இறுதி, துணிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம், புத்தகக் கடைக்குப் பள்ளி திறக்கும் வாரம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் நிற்கக்கூடாத நாட்கள் உண்டு. அவற்றைப் பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். அந்த நாட்களில் எந்தப் புதுப்பிப்பும் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான்.

முதல் வேலையைச் சிறியதாகக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. லினக்ஸை யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். கணினியில் உள்ளதைத் தொட வேண்டியதில்லை. அப்படி ஓட்டி, ரசீது பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், வங்கியின் இணையத்தளம் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்லும்படி கேட்கலாம். ரசீது பிரிண்டர்கள் பெரும்பாலும் ஒத்துழைக்கும். லேபிள் பிரிண்டர்களிலும் காசோலை அச்சிடும் இயந்திரங்களிலும் சில தகராறு செய்யும். தமிழில் விலைப்பட்டியலோ அழைப்பிதழோ தட்டச்சு செய்யும் கடைகள் அதையும் சோதிக்க வேண்டும். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. லிப்ரே ஆபிஸுக்கும் பயர்பாக்ஸுக்கும் தமிழ் இடைமுகமும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பழைய கோப்புகள்தான் சிக்கல். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு நினைவுக்கு வந்தால் அது தனிக் கட்டணம்.

பராமரிப்பாளரை மாற்றும் நாள் என்றாவது வரும். அப்போது வரிசை முக்கியம். புதியவர் வந்து, காப்புப்பிரதி எடுத்து, அதை மீட்டுச் சரிபார்த்த பிறகே பழையவரிடம் சொல்ல வேண்டும். அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். சர்வரில் கடவுச்சொல் இல்லாமலே நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளில் பழையவருடையவற்றை நீக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிட்டால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். இணைய முகவரி, சர்வர் வாடகை, மின்னஞ்சல், வாரியத்தின் மைஇன்வாய்ஸ் கணக்கில் கொடுத்த அனுமதி ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடைசி மாதக் கட்டணத்தை, ஆவணங்களும் நிரலின் மூலப் பிரதியும் கைக்கு வந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.